பாசனத் தானியங்கியில் செய்தித் தொடர்பு முறைகள்

கிணற்றடியில் ஒருவரும் கடைமடையில் ஒருவருமாக நின்று நீர் பாய்ச்சுவது நாம் அறிந்ததே. கடைமடையில் நிற்பவர் "தண்ணி வந்திருச்சு, நிறுத்துங்க" என்று குரல் கொடுத்ததும் கிணற்றடியில் இருப்பவர் மோட்டாரை நிறுத்துகிறார். நெடுநேரமாகியும் குரல் வராவிட்டால், தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லை என்று எண்ணி அவர் மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பதில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டதோ, அங்கே நிற்பவருக்கு ஏதேனும் நேர்ந்ததோ என்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கிறார். குரல் வராததும் ஒரு செய்தியே என்பது அவருக்குத் தெரியும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் தானியங்கிக் கருவிகள் பொருத்தப்படும்போது இவ்விருவர் வேலையையும் கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. தொட்டியின் நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் குழாயின் அழுத்தத்தையும் அளந்து சொல்பவை உணரிகள். இவற்றைச் சென்சார் என்றும் சொல்வர். அவை சொல்வதைக் கேட்டு முடிவு செய்வது கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் கட்டளைப்படி வேலை செய்பவை வால்வும் மோட்டார் ஸ்டார்ட்டரும். இவை தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கு தேவை. யார் முதலில் பேசுவது, எந்த வேகத்தில் பேசுவது, செய்தி சிதைந்து வந்தால் எப்படிக் கண்டுகொள்வது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பனவற்றை வகுத்துரைக்கும் இவ்வொழுங்கே தொடர்பு நெறிமுறை எனப்படும்.

பெட்டியும் உணரியும் தரமானவையாக இருந்தும் தொடர்பு முறை சரியில்லாததால் பயிர் காய்வதும், கிணறு வற்றி மோட்டார் எரிவதும் நேரிடக்கூடும். ஆகவே தானியங்கி வாங்க எண்ணும் உழவர்கள் இந்நெறிமுறைகளின் அடிப்படையை அறிந்திருத்தல் நலம். இவை வயலுக்கென்று தோன்றியவை அல்ல. தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் பழகித் தேறியவை. அவற்றுள் நம் நிலத்திற்கு வந்துள்ள சிலவற்றை இங்கே காண்போம்.

4-20 மில்லி ஆம்பியர் முறை

தொழிற்சாலைகளில் மின்னணுக் கருவிகள் பரவுவதற்கு முன் காற்றழுத்தத்தால் செய்தி அனுப்பினர். சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டு அழுத்தம் இருந்தால் மிகக் குறைந்த அளவு. 15 பவுண்டு இருந்தால் மிக உயர்ந்த அளவு. பின்னர் காற்றின் இடத்தை மின்னோட்டம் பிடித்தது. 4 மில்லி ஆம்பியர் மிகக் குறைந்த அளவையும், 20 மில்லி ஆம்பியர் மிக உயர்ந்த அளவையும் குறிக்கலாயின.

சுழியிலிருந்து தொடங்காமல் 3-இலும் 4-இலும் தொடங்குவானேன்? குழாய் உடைந்தாலோ கம்பி அறுந்தாலோ மறுமுனையில் சுழிதான் வந்து சேரும். 'அளவு சுழி' என்பதற்கும் 'செய்தியே வரவில்லை' என்பதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. 4 மீட்டர் உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம்.

4 மில்லி ஆம்பியர்: தொட்டி காலி
8 மில்லி ஆம்பியர்: 1 மீட்டர் நீர்
12 மில்லி ஆம்பியர்: 2 மீட்டர் நீர்
16 மில்லி ஆம்பியர்: 3 மீட்டர் நீர்
20 மில்லி ஆம்பியர்: தொட்டி நிறைவு
0 மில்லி ஆம்பியர்: கம்பி அறுந்துள்ளது அல்லது உணரி பழுது

சுழியிலிருந்து அளவு தொடங்கும் உணரியை இதே தொட்டியில் பொருத்தியிருந்தால், அணில் கம்பியைக் கடித்த அன்று பெட்டி 'தொட்டி காலி' என்று முடிவு செய்து மோட்டாரை ஓட்டும். தொட்டி வழிந்த பின்னும் ஓட்டும். கிணறு வற்றிய பின்னும் நிறுத்தாது. மண் ஈர உணரியிலும் இதே தீங்கு உண்டு. சுழியை 'மண் காய்ந்துவிட்டது' என்று கொண்டு, வேர் அழுகும் வரை நீர் விடும்.

இம்முறையில் கம்பியின் நீளத்தால் அளவு மாறுவதில்லை என்பது மற்றொரு நன்மை. போதிய மின்னழுத்தம் இருக்கும்வரை, ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆனால் ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனியே ஓர் இணைக் கம்பி இழுக்க வேண்டும். ஒன்றிரண்டு உணரிகளுக்கு இம்முறை ஏற்றது. பத்து என்றால் கம்பிச் செலவு கட்டுபடியாகாது.

ஆர்.எஸ். 485 இருகம்பித் தடம்

பல கருவிகளை ஒரே இணைக் கம்பியில் கோக்க உதவுவது ஆர்.எஸ். 485 என்னும் தரநிர்ணயம். இது 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை செய்தி கொண்டுசெல்லும். அடிப்படைக் கணக்கில் ஒரு தடத்தில் 32 கருவிகளை இணைக்கலாம்.

இதில் இரண்டு கம்பிகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடே செய்தி. முறுக்கிய இரு கம்பிகளிலும் மோட்டாரின் மின் இரைச்சல் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால் வேறுபாடு பெரிதும் மாறுவதில்லை. தடம் அமைக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. முறுக்கிய இணைக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். வீட்டு வயரிங் கம்பி ஏற்றதன்று. இணைக் கம்பியுடன் பொதுக் கம்பி ஒன்றும் சேர்ந்து செல்லுதல் நலம்.

2. தடம் ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு எனப் பூச்சரம் தொடுப்பதுபோல் ஒரே வரிசையாகச் செல்ல வேண்டும். ஒரு மையத்திலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிக்கலாகாது.

3. தடத்தின் இரு கோடிகளிலும் மட்டும் 120 ஓம் மின்தடை ஒன்று வைக்க வேண்டும். ஓடும் நீரைத் திடீரென்று அடைத்தால் குழாயில் அழுத்தம் எதிர்த்து அடிப்பதுபோல, முடிவு சரியில்லாத நீண்ட தடத்தில் செய்தியும் எதிர்த்துத் திரும்பிக் குழப்பும். இம்மின்தடை அதை அடக்கிவிடும்.

4. மோட்டாரின் மின்கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் இத்தடத்தைக் கொண்டுசெல்லக் கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்க வேண்டும்.

5. உழவு ஆழத்திற்குக் கீழே, ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில், குழாய்க்குள் பதிக்க வேண்டும். இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் இரு கோடிகளிலும் மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல நில இணைப்பும் தேவை.

தடம் நலமாக உள்ளதா என்று உழவரே பார்க்கலாம். எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு கம்பிகளுக்கிடையே அளக்கவும். இரண்டு 120 ஓம் தடைகள் இணையாக இருப்பதால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 ஓம் அளவில் காட்டினால் ஒரு கோடியில் தடை இல்லை அல்லது இடையில் கம்பி அறுந்துள்ளது. சுழியை ஒட்டிக் காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டுள்ளன.

மோட்பஸ் நெறிமுறை

ஆர்.எஸ். 485 என்பது பாதை மட்டுமே. அதில் பேசப்படும் மொழி வேறு. அம்மொழிகளுள் மிகப் பரவலானது மோட்பஸ். அமெரிக்காவின் மோடிகன் நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக இதனை 1979-இல் வெளியிட்டது. இதன் விதிகள் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் திறந்திருப்பதால், பல நாட்டு நிறுவனங்களின் கருவிகள் இன்றும் இதனைப் பேசுகின்றன.

இதன் ஒழுங்கு எளியது. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து எண் சொல்லி அழைக்கிறார். அழைக்கப்பட்ட மாணவர் மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறார். மற்றவர் வாய் திறப்பதில்லை. மோட்பஸில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆசிரியர். உணரிகளும் வால்வுகளும் மாணவர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247-க்குள் ஓர் எண் தரப்படும். ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குத் தந்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதையும். இது அடிக்கடி நேரும் தவறு.

பெட்டி அனுப்பும் கேள்வியில் எட்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து கருவியின் எண். அடுத்தது செய்யவேண்டிய வேலை. பின் இரண்டு எழுத்துகள் பதிவேட்டின் இடம். அடுத்த இரண்டு எத்தனை பதிவு வேண்டும் என்பது. கடைசி இரண்டும் சரிபார்ப்புக் கணக்கு. மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அனுப்புகிறோம். இறக்குமிடத்தில் எண்ணிப் பார்த்துச் சீட்டோடு ஒப்பிடுகிறார்கள். சரிபார்ப்புக் கணக்கும் அதுபோன்றதே. கணக்கு ஒத்துவராத செய்தியைக் கருவி ஏற்காது, பதிலும் சொல்லாது.

நொடிக்கு 9,600 துடிப்புகள் என்ற வழக்கமான வேகத்தில், எட்டு எழுத்துகள் போய்ச்சேர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. பத்துக் கருவிகளை ஒரு சுற்றுக் கேட்டு முடிக்கப் பெரும்பாலும் ஒரு நொடி போதும்.

கேள்விக்கு மூன்று வகை முடிவு உண்டு. முதலாவது, சரியான பதில். இரண்டாவது, 'நீங்கள் கேட்பது என்னிடம் இல்லை' அல்லது 'இயலாது' என்னும் மறுப்புப் பதில். மூன்றாவது, மௌனம். மின் இரைச்சலால் ஒருமுறை பதில் வராமற் போகலாம். அதை உடனே பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை. மும்முறை கேட்டும் பதிலில்லையெனில் பழுது என்றே கொள்ள வேண்டும். அப்போது என்ன செய்வது என்பது மோட்பஸ் விதிகளில் இல்லை. பெட்டியை அமைப்பவர் எழுதி வைக்க வேண்டிய ஒன்று. அதை எழுதாமல் விட்டுவிட்டால், பெட்டி கடைசியாக வந்த அளவையே திரையில் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். காலையில் அறுந்த கம்பிக்கு மாலைவரை '2 மீட்டர் நீர்' என்று காட்டும் திரையை நம்பி உழவர் வீட்டில் இருந்துவிடுவார். ஆகவே அளவின் பக்கத்தில் அது வந்த நேரமும் திரையில் தெரியவேண்டும் என்று கேளுங்கள்.

கம்பியில்லாத் தொடர்பு

தொலைவான வயல்களுக்குக் கம்பி பதிக்க இயலாத இடத்தில் லோரா என்னும் வானொலி முறை உதவுகிறது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை இத்தகைய கருவிகளுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டுள்ளது. மறைப்பில்லாத வெளியில் சில கிலோமீட்டர் வரை எட்டும். மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாவதால் சிறு பேட்டரியில் நீண்ட காலம் இயங்கும்.

ஆனால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இம்முறையில் பேட்டரியைக் காக்கும் பொருட்டு, 'ஏ' வகுப்புக் கருவி பெரும்பாலான நேரம் உறங்கும். தான் செய்தி அனுப்பிய பிறகு சிறிது நேரம் மட்டுமே காது கொடுக்கும். 15 நிமிடத்திற்கு ஒருமுறை விழிக்கும் வால்வுக்கு 'மூடு' என்று கட்டளையிட்டால், அது 15 நிமிடம் வரை காத்திருக்க நேரிடும். ஈரம் அளக்கும் உணரிக்கு இத்தாமதம் பொருட்டன்று, வால்வுக்குப் பொருட்டு. எப்போதும் காதுகொடுக்கும் 'சி' வகுப்புக் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும்.

பெட்டியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வருவது பெரும்பாலும் இணையம் வழியே. அதற்குப் பயன்படும் நெறிமுறைகளுள் எம்.க்யூ.டி.டி. என்பது ஒன்று. ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் 1999-இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக இதனை உருவாக்கினர். இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கருவி இணையும்போதே 'நான் சொல்லாமல் மறைந்துவிட்டால் இச்செய்தியை அறிவித்துவிடுங்கள்' என்று ஓர் இறுதிச் செய்தியை நடுவிலுள்ள நிலையத்தில் ஒப்படைத்து வைக்கலாம். பிறகு குறித்த காலத்திற்குள் கருவியிடமிருந்து அசைவில்லையெனில், நிலையம் அச்செய்தியை உரியவர்க்கு அனுப்பிவிடும். மௌனத்தையும் செய்தியாக்கும் இவ்வசதி உங்கள் கருவியில் பயன்படுத்தப்பட்டுள்ளதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கட்டளை வேறு, செயல் வேறு

'வால்வைத் திற' என்று பெட்டி கட்டளையிட்டதும் 'சரி' என்று பதில் வருகிறது. கட்டளை போய்ச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். வால்வு திறந்தது என்பதன்று. வால்வினுள் மணல் சிக்கியிருக்கலாம், சுருள் எரிந்திருக்கலாம். வேலை நடந்ததை வேறோர் உணரியால்தான் அறிய முடியும். ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் உணரி வைப்பது செலவு மிகுந்தது. தலைமைக் குழாயில் ஓர் அழுத்தமானியும் ஒரு நீரளவு மானியும் இருந்தால் போதும். வால்வு திறக்காவிட்டால் அழுத்தம் ஏறி நீரோட்டம் குறையும். குழாய் உடைந்தால் அழுத்தம் இறங்கி நீரோட்டம் கூடும்.

தொடர்பு அறுந்தால் வால்வு எந்நிலையில் நிற்கும் என்பதும் வால்வின் வகையைப் பொறுத்தது. வழக்கமான 24 வோல்ட் மாறுமின்னோட்ட வால்வு, மின்சாரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும். பேட்டரியில் இயங்கும் பூட்டுவகை வால்வு ஒரு துடிப்பில் திறந்து மறு துடிப்பில் மூடுவது; தொடர்பு அறுந்தால் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். திறந்திருந்தால் திறந்தபடியே இருக்கும். எனவே இவ்வகை வால்வில், குறித்த நேரம் கட்டளை வராவிட்டால் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மோட்டாரைக் காக்கும் பொறுப்பை மட்டும் எந்தச் செய்தித் தொடர்பிடமும் விடலாகாது. நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் கருவி, ஒருமுனை மின்வெட்டுத் தடுப்பான், மிகை அழுத்த ஸ்விட்சு ஆகியவை ஸ்டார்ட்டருடன் நேரடியாகக் கம்பியால் இணைக்கப்பட வேண்டும். மேலும், ஒருமுறை ஓடத் தொடங்கினால் இத்தனை மணிக்கு மேல் ஓடாது என்னும் கால எல்லையும் ஸ்டார்ட்டரிலேயே அமைய வேண்டும். செல்போன் குறுஞ்செய்தி தாமதமாக வந்தாலும் வராமலே போனாலும் இது காக்கும்.

வாங்கும்போது கேட்டுப் பெறவேண்டியவை

1. உணரி, வால்வு, பெட்டி ஆகியவை எந்த நெறிமுறையில் பேசுகின்றன என்பதை விலைப் புள்ளியிலேயே எழுத்தில் பெறவும். அந்நிறுவனத்திற்கு மட்டுமே உரிய மொழி எனில், பின்னாளில் ஓர் உணரி பழுதானாலும் அவரிடமே செல்ல நேரிடும்.

2. மோட்பஸ் எனில், பதிவேட்டு அட்டவணையைக் கேட்டு வாங்கவும். எந்த இடத்தில் எந்த அளவு உள்ளது என்பதை இது சொல்லும். அட்டவணையில் 40001 என்று அச்சிட்டிருக்கும் இடம் செய்தியில் 0 என்று போகும். 253 என்று வரும் எண் 25.3 பாகை வெப்பமாக இருக்கலாம். இவ்விவரம் கையிலிருந்தால் வேறு நிறுவனத்தின் பெட்டியையும் பின்னர் இணைக்கலாம்.

3. ஒவ்வொரு கருவியின் எண், வேகம், கடவுச்சொல், கம்பி செல்லும் பாதையின் வரைபடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவும். பொருத்தியவர் ஊரை விட்டுப் போனாலும் நோட்டு இருக்கும்.

4. மோட்பஸ் மொழியில் கடவுச்சொல் என்பதே கிடையாது. எனவே அத்தடத்தை இணையத்தோடு நேரடியாக இணைக்காமல், கடவுச்சொல் உள்ள பெட்டியின் வழியாகவே இணைக்க வேண்டும்.

முழுப் பணம் தருமுன் செய்யவேண்டிய சோதனை

பொருத்தியவரை உடன் வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கவும். கழற்றுவது 24 வோல்ட்டுக்கு உட்பட்ட செய்திக் கம்பிகளாக மட்டும் இருக்க வேண்டும். மோட்டார் மின்கம்பிகளைத் தொடலாகாது.

1. மோட்டார் ஓடும்போது தொட்டி உணரியின் கம்பியைக் கழற்றவும். பெட்டி 'தொட்டி காலி' என்று சொல்லாமல் 'உணரி பழுது' என்று சொல்லி மோட்டாரை நிறுத்த வேண்டும்.

2. ஒரு வால்வின் தொடர்பைத் துண்டிக்கவும். பெட்டி மோட்டாரை நிறுத்தி அல்லது அடுத்த வால்வுக்கு மாறி, எந்த வால்வு என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

3. சிம் கார்டைக் கழற்றவும். செல்போனுக்குச் செய்தி வராவிட்டாலும், பெட்டி தன் நேர அட்டவணைப்படி நீர் பாய்ச்ச வேண்டும்.

4. பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கவும். முதலில் வால்வு, பிறகு மோட்டார் என்ற வரிசை மாறாமல் தொடங்க வேண்டும். வால்வு மூடியிருக்கையில் மோட்டார் ஓடினால் குழாய் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும்.

நான்கிலும் தேறிய அமைப்பையே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடைப் பயிருக்குமுன், இச்சோதனையைத் திரும்பச் செய்தல் நலம்.

குரல் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கும் அறிவு கிணற்றடியில் நின்றவரிடம் இருந்தது. பெட்டிக்கு அவ்வறிவை நாம்தான் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். மேற்கூறியவற்றைக் கேட்டும் சோதித்தும் வாங்கினால், நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவதோடு மோட்டாரையும் பயிரையும் உழவர்கள் காத்துக்கொள்ளலாம்.